சவரியம்மாள் ஊற்றிய தண்ணீர்

சவரியம்மாள் சிரட்டைக் கரி இடித்துக்கொண்டிருந்தார். இடித்ததைப் பழைய மல் துணியில் கொட்டிச் சலிப்பார். துணியில் தங்கிய குருணையைத் திரும்ப உரலில் போடுவார். மூக்கு, புருவம், நகக்கண் எல்லாம் கறுப்பு. ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்து இரண்டாவது வருஷம் அது. வயிற்றுப்போக்குக்கு வேறு மருந்து கிடையாது. கரிப்பொடி மாவு போல இருந்தால் குடலில் இருக்கும் கெட்டதை இழுத்துக்கொள்ளும். குருணையாக இருந்தால் பச்சைக் குழந்தை துப்பிவிடும். அதனால் அவர் அந்த வேலையில் அவசரப்பட மாட்டார்.

வாசலில் ருக்மணி வந்து நின்றாள். காஜா பேராங்கில் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து, சவரியம்மாள் இருந்த தெங்கேரா வரைக்கும் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"மிஸி, என் தம்பி மகன் கண்ணைச் சொருகுறான். இடிச்சது போதும், எந்திரிங்க."

"எத்தனை தடவை போனான்?"

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க? வாங்க மிஸி!"

மலாக்காவில் எந்த இனத்தாரும் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். சவரியம்மாள் படித்துத் தேறிய நர்ஸ் அல்ல. மலாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாயும் தகப்பனும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபின் கன்னியர் மடத்தில் வளர்ந்தார். அவர்கள் நடத்திய மிஷன் டிஸ்பென்சரியில் தரை துடைக்கச் சேர்ந்து, பிறகு கத்தரிக்கோல் அவிக்க, பிறகு காயம் கட்ட, கடைசியில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை என்று அவரே சொல்வார், அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஜப்பான்காரன் வந்ததும் டிஸ்பென்சரியைப் பூட்டி, வெள்ளைக்காரச் சிஸ்டர்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டான். மிஞ்சியது சவரியம்மாளும், பாவாடை மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு கத்தரிக்கோலும்தான்.

போர் முடிந்து நான் அவரோடு பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வேலை செய்தேன். அவர் சொன்னதையும், பிற்பாடு கமலவேணி சொன்னதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். கமலவேணி என்பவள் அந்தக் குழந்தையின் தாய்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். கோயிலையும் பொங்கலையும் விடவில்லை, தமிழை மட்டும் விட்டுவிட்டார்கள். வீட்டில் பேசுவது தமிழ்ச் சொல் அங்கங்கே ஒட்டிய ஒரு மலாய். தமிழ் அவர்களுக்குப் பூசாரி வாயில் கேட்கிற மொழி. சவரியம்மாள் அவர்களோடு பேசியதெல்லாம் மலாய்தான். படிப்பவர்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

இருவரும் வேகமாக நடந்தார்கள். சந்தியில் ஜப்பான் காவல்காரனுக்கு இடுப்பு வளையக் குனிய வேண்டியிருந்தது. ருக்மணி குனிந்தபடியே அவன் தாயாரைப் பற்றி ஏதோ முணுமுணுத்தாள்.

"வாயை மூடு. அறைஞ்சான்னா இங்கேயே நேரம் போயிடும்" என்றார் சவரியம்மாள்.

வீட்டில் கமலவேணி பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து மாதப் பிள்ளை, பெயர் தியாகு. கணவன் நடராஜனை ஜோகூர் பக்கம் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போன பிறகு ஒரு செய்தியும் இல்லை. பிள்ளையின் உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அழ வாயைத் திறந்தான், கண்ணீர் வரவில்லை.

"குடிக்க என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல" என்றாள் கமலவேணி. "குடுத்தா இன்னும் போகும்னு நிறுத்திட்டோம்."

"போறது போகட்டும். உள்ள போகலேன்னாதான் சாவு."

உப்பும் துளி வெல்லமும் போட்டு வெந்நீர் ஆற வைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை வாங்கிக் கையில் வைத்தார். ருக்மணி அடுப்படிக்கு ஓடினாள். நீர் ஆறுவதற்குள் பிள்ளைக்குக் கண் மேலே போய்விட்டது. உதடு நீலமானது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்தார். தெரியவில்லை.

அந்த இடத்தில் சவரியம்மாள் என்ன செய்வார் என்பது அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே முடிவான காரியம். மடத்துச் சிஸ்டர்கள் அவருக்கு இரண்டு வேலை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்று, பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவருவது. இன்னொன்று, பிள்ளை நம் கையில் செத்துக்கொண்டிருந்தால் யாரையும் கேட்காமல் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது. ஆபத்து வேளையில் சாமியார் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற பிள்ளைக்கு வேதனை கிடையாது, ஆனால் சர்வேசுரன் முகத்தை அது ஒருபோதும் பார்க்காது என்று அவர்கள் நம்பினார்கள். கடல் தாண்டி வந்ததே அதற்காகத்தான். மருந்து கொஞ்ச காலத்துக்கு, தண்ணீர் என்றென்றைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். அப்படி எதையாவது நம்பாதவர் இந்த ஊர் வெயிலில் அத்தனை துணியைப் போர்த்திக்கொண்டு அடுத்தவர் பிள்ளையின் பீத்துணியை அலச மாட்டார்.

"ஆயேர்! ஆயேர்!" என்று சவரியம்மாள் கையை நீட்டினார். மலாயில் தண்ணீர் என்று அர்த்தம்.

ருக்மணி அடுப்படியிலிருந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். சவரியம்மாள் அதைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மூன்று முறை ஊற்றினார். மடத்தில் கற்ற வார்த்தைகளைத் தமிழில் சொன்னார்: நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே. உரக்கச் சொல்லவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னார். தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. எதிரே கமலவேணி இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். பயத்தில் கும்பிடுகிறாள் என்று சவரியம்மாள் நினைத்தார்.

குளிர்ச்சி நெற்றியில் பட்டதும் பிள்ளை உடம்பு உதறியது. ஒரு இழுப்பு இழுத்தான். அப்புறம் கோபமாகக் கத்தினான்.

"பாரு! என் தம்பிக்கு இருக்கிற கோவம் அப்படியே இருக்கு" என்றாள் ருக்மணி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு குரல்.

அதன் பிறகு பேச்சுக்கு நேரமில்லை. ஆறிய உப்புநீரைச் சவரியம்மாள் துணித் திரியில் நனைத்து நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். துப்பினான், திரும்ப விட்டார். கரிப்பொடியைக் குழைத்து நாக்கில் தடவினார். சாயங்காலம் வெளிச்சம் குறையும் முன் பிள்ளை அவர் மடியில் ஒன்றுக்குப் போனான். நனைந்த பாவாடையோடு எழுந்து நின்று, "இனி பிழைச்சுக்குவான்" என்றார். எங்கள் வேலையில் அதைவிட நல்ல ஈரம் கிடையாது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் காவல்காரனுக்குக் குனிந்து நிமிர்ந்த போதுதான் அவருக்கு விளங்கியது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை. திருச்சபைக் கணக்கில் அவன் இப்போது கிறிஸ்தவன், வளர்வதோ அம்மன் கோயில் வீட்டில்.

அதுவரை அவர் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள் எல்லாம் செத்துப்போனவை. ஊற்றியதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் மாதா கோயில் சாமியாரிடம் போனார். அவர் வயதான பிரெஞ்சுக்காரர். பிரான்சு ஜப்பானோடு சண்டையில் இல்லாததால் அவர் நாட்டுக்காரர்களை ஜப்பான்காரன் அடைக்கவில்லை. புதுச்சேரிப் பக்கம் தமிழ் கற்றவர், பேசினால் அச்சடித்தது போல இருக்கும்.

"தண்ணீர் ஊற்றினாயா?"

"ஊத்தினேன் சாமி."

"வார்த்தைகளை முழுவதும் சொன்னாயா?"

"ஒண்ணு விடாம."

"திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு?"

"வேற எந்த எண்ணத்துக்கு சாமி நேரம் இருந்துச்சு?"

"அப்படியானால் அவன் நம்முடைய பிள்ளை. தாயிடம் சொல்ல வேண்டும்."

சவரியம்மாள் பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்தார். "சொன்னா அந்தக் கம்போங்ல ஒரு வாசப்படி எனக்குத் திறக்காது சாமி. பிரசவம் பார்த்த பீடான் கிழவி போன மழைக்குச் செத்துட்டா. நெறமாசக்காரிங்க இருக்காங்க. நானும் போகலேன்னா மூங்கில் சீவித்தான் தொப்புள்கொடி அறுப்பாங்க."

"கதவு திறக்க வேண்டும் என்பதற்காக மறைக்கலாமா? மருந்தைத் தூண்டில் முள்ளில் மாட்டி வைத்திருக்கிறோம் என்று நம்மைப் பற்றிச் சொல்கிறார்கள். மறைத்தால் அது உண்மையாகிவிடும்."

"அப்ப கேக்காம ஊத்தினது சாமி?"

"சாகிற பிள்ளைக்குக் கேட்க நேரமில்லை. பிழைத்த பிள்ளைக்கு நேரம் இருக்கிறது. அவனைப் பறித்து வா என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் யார் என்பது அவனுக்கு ஒருநாள் தெரிய வேண்டும். அதற்கு அவன் தாய்க்கு முதலில் தெரிய வேண்டும்." பிறகு, குரலை இறக்கி, "குணமாகட்டும். அப்புறம் சொல்" என்றார்.

சாமியார் சொன்னதில் சவரியம்மாளுக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் தொந்தரவு. அவர் தான் செய்ததை நம்பினார். நம்பாவிட்டால், அது வெறும் தண்ணீர், காய்ந்துபோயிற்று என்று விட்டிருப்பார்.

தினமும் காஜா பேராங்குக்குப் போய் வந்தார். உச்சிக்குழி நிரம்பியது. பிள்ளை சிரிக்க ஆரம்பித்தான். போகும்போது சொல்லிவிடலாம் என்று போவார், கமலவேணி மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருப்பாள், தின்றுவிட்டுச் சொல்லாமல் வருவார். பக்கத்து வீட்டில் கோகிலா என்று ஒரு பெண், தலைச்சன் பிள்ளைக்கு நிறைமாதம், வயிறு இறங்கியிருந்தது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "மிஸி, எனக்கும் நீங்கதான் வரணும்" என்பாள். சவரியம்மாள் தலையாட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போனபோது வீட்டில் மஞ்சள் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் ருக்மணி. "இவனை அம்மன் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் மொட்டை போடுறோம். பிழைச்சா போடுறதா வேண்டிக்கிட்டோம். நீங்களும் வாங்க மிஸி, உங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

இனிமேல் தள்ளிப்போட இடமில்லை. சவரியம்மாள் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"கமலவேணி, இவனுக்கு மூச்சு நின்ன அன்னிக்கு நான் தலையில ஊத்தினேனே, அது மூச்சு வர்றதுக்காக இல்ல. செத்துடுவான்னு நெனச்சேன். எங்க சாமி பேரைச் சொல்லி ஊத்தினேன். எங்க வழக்கப்படி அதுக்கு ஞானஸ்நானம்னு பேரு. அது ஒருதரம் கொடுத்தா கொடுத்ததுதான், அழியாது. இவன் இப்ப எங்க வேதத்துப் பிள்ளை. உன்னைக் கேக்காம செஞ்சேன். உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

கமலவேணிக்கு உடனே விளங்கவில்லை. "நீங்க தமிழ்ல மந்திரம் சொன்னீங்க" என்றாள் மெதுவாக. "தமிழ் கோயில்லதான கேப்போம். நீங்க எங்க அம்மனைக் கூப்பிடுறீங்கன்னு நெனச்சுத்தான் நான் கும்பிட்டேன்."

"இல்ல. எங்க சாமியை."

"இவனை எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

"இல்ல. யாரும் எடுக்க மாட்டாங்க. ஆனா..."

"இருங்க, இருங்க" என்று ருக்மணி நடுவில் புகுந்தாள். "எதை ஊத்தினீங்க?"

"தண்ணிதான். நீதான கொண்டாந்து குடுத்தே."

"தண்ணியா?"

"ஆயேர்னு கேட்டேன். வெள்ளைக் கிண்ணத்துல குடுத்தே."

ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் சிரிப்பு வெடித்தது. "ஐயோ மிஸி! அது ஆயேர் கெலாப்பா! இவ சோறு தண்ணி இல்லாம கெடந்தாளேன்னு இவளுக்கு எளநி வெட்டி ஊத்தி வச்சிருந்தேன். வெந்நி கொதிக்குது, ஆயேர் ஆயேர்னு கத்துறீங்க, கைக்குக் கெடைச்சதைக் குடுத்தேன். குடிக்கிறது எல்லாமே ஆயேர்தானே! நீங்க போனப்புறம் இவன் தலைக்கு வந்துச்சு பாருங்க எறும்பு! பாய்ல சாரை சாரையா. ஈரத் துணியால தொடச்சுத் தொடச்சு எனக்குக் கையே விட்டுப்போச்சு."

மலாயில் எல்லாப் பானத்துக்கும் ஆயேர்தான் முதல் சொல். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த சவரியம்மாளுக்கு அது தெரியாமல் இல்லை. அவசரத்தில் அவர் கேட்டது ஒன்று, அவள் கேட்டுக்கொண்டது ஒன்று.

"நல்லா யோசிச்சுச் சொல்லு ருக்மணி. அதுல கொஞ்சமாவது தண்ணி கலந்தியா?"

"எளநில யாராவது தண்ணி கலப்பாங்களா? நேராத் தேங்காய்லேர்ந்து கிண்ணத்துல."

சவரியம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார். தண்ணீரைத் தவிர வேறு எதை ஊற்றினாலும் ஞானஸ்நானம் ஆகாது. பால், சாறு, கஞ்சி எதுவும் ஆகாது என்று சிஸ்டர்கள் முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை வந்தபடியே இருக்கிறான்.

"ஆகல" என்றார். "இளநி செல்லாது. இவன் உங்க பிள்ளைதான்."

"உங்க சாமிக்கு எளநி ஆகாதா?" ருக்மணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க அம்மனுக்கு எளநி அபிஷேகம்னா அவ்வளவு இஷ்டம். அப்ப நீங்க செஞ்சது எங்க ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்துச்சு. ஒழுங்கா நாளைக்கு வந்து பிரசாதம் வாங்கிக்குங்க!"

கமலவேணி சிரிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கேட்டாள்: "மிஸி, அது நெஜத் தண்ணியா இருந்திருந்தா?"

"இருந்திருந்தா, எங்க ஆளு."

"என்னைக் கேக்காம."

"கேக்க நேரமில்ல."

"இப்ப நேரம் இருக்கே. இப்பக் கேளுங்க."

ருக்மணியின் சிரிப்பு நின்றது.

சவரியம்மாள் எழுந்து நின்று கேட்டார். "இவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கட்டுமா?"

"வேணாம்."

"சரி."

"நாளைக்கு இவன் திரும்பவும் கண்ணைச் சொருகினா?"

"திரும்பவும் கேப்பேன்."

"அப்பவும் நான் வேணாம்னா?"

ஒரு பிள்ளை சர்வேசுரன் முகத்தைப் பார்க்காமல் போவதற்குத் தானே ஒப்புக்கொள்கிற வார்த்தையை அவள் கேட்டாள். லேசில் வரவில்லை.

"ஊத்த மாட்டேன்" என்றார் கடைசியில். "ஆனா கேக்காம இருக்க மாட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் கேப்பேன்."

"கேளுங்களேன். கேட்டா என்ன தேஞ்சா போகும்?" என்றாள் கமலவேணி. பிள்ளையை அவரிடம் நீட்டினாள். "கொஞ்சம் புடிங்க, கெழங்கு அடி புடிக்குது."

அந்த வார்த்தையை அவர் கடைசிவரை காப்பாற்றினார். வார்டில் நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளை மோசமானால், தாயின் கட்டிலருகே போய்க் குனிந்து, காதோடு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். ஒருசிலர் சரி என்றதும் உண்டு. சரி என்றவர்களிடம் கூட, விளங்கித்தான் சொல்கிறாயா என்று இன்னொரு முறை கேட்பார். எனக்கு அவருடைய வேதத்தில் பிடிப்பு இல்லை. ஆனால் அவர் டியூட்டியில் இருக்கிறபோது பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுத் தூங்கலாம் என்று எந்தத் தாயும் யோசித்ததில்லை.

அந்த வியாழக்கிழமை பொழுது இருக்கும்போதே சவரியம்மாள் சாமியார் வீட்டுக்குப் போனார். அவர் கொல்லையில் கீரைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். சவரியம்மாள் நடந்ததைச் சொன்னார். இளநி என்றதும் சாமியார் கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"தண்ணீர் கலக்கவில்லை? நிச்சயமாக?"

"நேராத் தேங்காய்லேர்ந்து, சாமி. எறும்பு வந்திருக்கு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்பது புரியச் சவரியம்மாளுக்குச் சற்று நேரமானது.

"தமிழில் அதை இளநீர் என்கிறீர்கள். மலாய்க்காரர் ஆயேர் என்கிறார்கள். எங்கள் பாஷையிலும் தேங்காய்த் தண்ணீர் என்றே சொல்கிறோம். மூன்று பாஷையும் தப்பு. திருச்சபைக்கு அது பழச்சாறு. ஞானஸ்நானம் நடக்கவில்லை, சவரியம்மா."

"சாமிக்கும் நிம்மதியா இருக்கா?"

"இருக்கிறது. அந்தத் தாய் உன்னை விரட்டினால் அடுத்தபடி நான் அல்லவா போய் நிற்க வேண்டும்? ஒரு வாரமாக அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை."

அதன் பிறகு சவரியம்மாள் கமலவேணிக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னார். சாமியார் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

"சாகும் வேளையில் கேட்காமல் கொடுக்க உனக்கு அனுமதி உண்டு. அதை விட்டுக்கொடுத்துவிட்டாய்."

"ஆமா சாமி."

"அந்தப் பிள்ளையின் ஆத்துமம்?"

"அது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு சாமி. ஆனா கேக்காம ஊத்துறவன்னு பேரு வந்துட்டா, அடுத்த பிள்ளையைத் தொடவே விடமாட்டாங்க. அதுக்கு மருந்தும் இல்ல, தண்ணியும் இல்ல. நீங்க தப்புன்னு சொன்னா பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். வாக்கை மட்டும் திருப்பி வாங்க மாட்டேன்."

சாமியார் குனிந்து கீரைப் பாத்தியில் ஒரு களையைப் பிடுங்கிப் போட்டார். "புத்தகத்தில் இருப்பது அனுமதி" என்றார். "கட்டளை என்று எழுதவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நீயும் வேண்டிக்கொள், நானும் வேண்டிக்கொள்கிறேன்." பிறகு ஒரு பிடி கீரையைப் பறித்து அவர் கையில் கொடுத்தார். "இதை அவித்துச் சாப்பிடு. முகத்தில் இரத்தமே இல்லை."

சவரியம்மாள் அன்று கீரையைத் தின்றுவிட்டுப் பொழுது சாய்ந்ததுமே படுத்துவிட்டார். நடுவில் விழிக்காமல் தூங்கினார். ஒரு வாரத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் கத்தரிக்கோலை அவித்துத் துணியில் சுற்றிக்கொண்டு காஜா பேராங்குக்குக் கிளம்பினார். கோகிலாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தார். கம்போங் முனையில் கமலவேணி, மஞ்சள் துணி கட்டிய பிள்ளையோடு கோயிலுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"கோகிலாவுக்கு விடியும்போதே வலி வந்துடுச்சு. உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன்" என்று முன்னால் நடந்தாள். கோகிலா வீட்டு வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தாள்: "மிஸி வந்துட்டாங்க. ஒண்ணு கேப்பாங்க. பயப்படாத, வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு."

கோகிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. சவரியம்மாள் கையை முழங்கை வரைக்கும் சாம்பல் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே கேட்டார்.

"நான் கிறிஸ்தவச்சி. பிள்ளை நல்லாப் பொறக்கும். ஒருவேளை ஆபத்துன்னு வந்தா, எங்க சாமி பேர் சொல்லி அது தலையில தண்ணி ஊத்தட்டுமான்னு உன்னைக் கேப்பேன். அப்பக் கேட்டா உனக்கு யோசிக்க முடியாது. அதனால இப்பவே கேக்கிறேன். ஊத்தட்டுமா?"

"வேணாம் மிஸி" என்றாள் கோகிலா பல்லைக் கடித்துக்கொண்டு. "முதல்ல என் இடுப்பைப் புடிங்க."

"சரி" என்று சவரியம்மாள் அவள் பின்னால் போய், இரண்டு உள்ளங்கையையும் இடுப்பில் பதித்து அழுத்தினார்.